ஊசிக்கு முன் உண்மை



பல்வலி பெரும்பாலும் இரவில்தான் முற்றும். பகலெல்லாம் வேலையின் நடுவே மறந்திருந்த வலி, விளக்கை அணைத்துப் படுத்தபின் தலைதூக்கும். கிராம்பை மென்றும், வெந்நீரில் உப்பிட்டுக் கொப்பளித்தும், கன்னத்தில் கைவைத்தும் இரவைக் கழித்துவிட்டு, விடிந்ததும் "இப்போது சற்றுத் தேவலாம்" என்று சொல்லி மருத்துவரிடம் போகாமல் நின்றுவிடுவோர் நம் இல்லங்களில் எத்தனை பேர்! ஏன் போகவில்லை என்று கேட்டால் நேரமில்லை, கையில் காசில்லை என்பார்கள். இன்னும் சற்று அன்போடு கேட்டால் உள்ளத்தில் ஒளிந்திருக்கும் காரணம் வெளிப்படும். அது ஈறில் போடும் ஊசியைப் பற்றிய அச்சம்.

இவ்வச்சம் இருவகைப்படும். ஒன்று, குத்தும்போது வலிக்குமே என்பது. இது இயல்பானது, எளிதில் தீரக்கூடியது. மற்றொன்று, செவிவழிச் செய்திகளால் வளர்ந்தது. அந்த ஊசி இதயத்தைத் தாக்கிவிடும், முகத்தைக் கோணலாக்கிவிடும், மேல்வரிசைப் பல்லைப் பிடுங்கினால் கண்பார்வை மங்கிவிடும் என்றெல்லாம் திண்ணைகளில் பேசப்படுகிறது. இவற்றுள் சில முழுப்பொய். சில, உண்மையின் சிறு துணுக்கைப் பிடித்துக்கொண்டு ஊதிப் பெரிதாக்கியவை. பொய் எது, மெய் எது என்று தெரிந்துகொண்டால் அச்சம் தணியும். எங்கே உண்மையிலேயே எச்சரிக்கை தேவையோ அங்கே எச்சரிக்கையும் பிறக்கும். ஆகவே இம்மாதம் இந்தச் சிறிய ஊசியைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசுவோம்.

இந்த மருந்து வந்த கதை

ஒரு காலத்தில் பல் பிடுங்குவதென்றால் இருவர் கையைப் பிடித்துக்கொள்ள, ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்ள, நாவிதரோ கொல்லரோ குறடு கொண்டு இழுப்பதாகவே இருந்தது. இந்நிலை மாறியதில் பல் மருத்துவர்களுக்கே பெரும்பங்கு உண்டு. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரத்துப் பல் மருத்துவரான ஹொரேஸ் வெல்ஸ் என்பவர் 1844இல் சிரிப்பு வாயுவை முகர்ந்து தம் பல்லையே வலியின்றிப் பிடுங்கச் செய்துகொண்டார். 1846இல் வில்லியம் மார்ட்டன் என்னும் மற்றொரு பல் மருத்துவர் ஈதரின் ஆற்றலைப் பாஸ்டன் மருத்துவமனையில் அனைவர் முன்னிலையிலும் காட்டினார். ஆயினும் இவை நோயாளியின் நினைவையே மயக்கும் முறைகள். ஓரிடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் வழி பின்னரே பிறந்தது.

1884இல் வியன்னா நகரத்து இளம் மருத்துவர் கார்ல் கொல்லர், கோக்கா இலையிலிருந்து எடுக்கப்பட்ட கொக்கெயின் கண்ணை மரத்துப்போகச் செய்வதைக் கண்டறிந்தார். ஹைடல்பர்க் மாநாட்டுக்குச் செல்லவும் வழிச்செலவுக்குப் பணமில்லாமையால் அவருடைய கட்டுரையை வேறொருவர் வாசிக்க நேர்ந்தது. செய்தி உலகெங்கும் பரவியது. சிறிது காலத்திற்குள் நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் அறுவை மருத்துவர், கீழ்த்தாடைப் பற்களுக்குச் செல்லும் நரம்பின் அருகே அம்மருந்தை ஊசிமூலம் செலுத்திக் காட்டினார். இன்று நம் பல் மருத்துவர்கள் கீழ்ப்பல்லுக்குப் போடும் ஊசியின் முன்னோடி அதுவே. ஆனால், தம்மீதே அம்மருந்தைச் சோதித்துப் பார்த்த ஹால்ஸ்டெட் அதற்கு அடிமையானார். மாமேதையான அவரை அப்பழக்கத்தின் விளைவுகள் வாழ்நாளெல்லாம் வாட்டின.

அந்தக் கேட்டிலிருந்து விடுபடவே ஜெர்மனியில் ஆல்ஃபிரட் ஐன்ஹார்ன் அடிமைப்படுத்தாத ஒரு மருந்தை ஆக்கினார். 1905இல் மருத்துவப் பயனுக்கு வந்த நோவோகெயின் அதுவே. பின்னர் 1943இல் சுவீடன் நாட்டில் நீல்ஸ் லோஃப்கிரேன் என்பவரும் அவருடைய இளம் துணைவர் பெங்க்ட் லுண்ட்குவிஸ்ட் என்பவரும் லிக்னோகெயினை உருவாக்கினர். லுண்ட்குவிஸ்ட் அதனைத் தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். 1948இல் விற்பனைக்கு வந்த அம்மருந்துதான் இன்றும் நம் ஊர்ப் பல் மருத்துவமனைகளில் மிகுதியாகப் பயன்படுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலிலும் அது இடம்பெற்றுள்ளது. முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கோடானுகோடி மக்களுக்குப் போடப்பட்டுவரும் ஊசி இது. அதனைக் கண்டு நடுங்க வேண்டுவதில்லை.

வலியைப் பொறுத்துக்கொள்வதே புண்ணியம், ஊசி வேண்டாம் என்று கூறும் முதியோரும் நம்மிடையே உண்டு. இவ்வினா ஒரு காலத்தில் மருத்துவர்களாலேயே திருச்சபையிடம் எழுப்பப்பட்டது. திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1957ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் நாள் மருத்துவர்களுக்கு ஆற்றிய உரையில் அதற்கு விடையளித்தார். மருத்துவத்தின்போது வலிநீக்கும் மருந்தை மறுத்தே ஆகவேண்டும் என்னும் பொதுவான கடமை எவருக்கும் இல்லை என்பதே அவ்விடையின் சாரம். ஆதலின் இதுபற்றி மனக்குழப்பம் கொள்ள வேண்டா.

எவ்வாறு வேலை செய்கிறது?

பல்லில் ஏற்படும் வலி, நரம்பின் வழியே ஒருவகை மின்துடிப்பாக மூளைக்குச் செல்கிறது. நரம்பின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வாயில்கள் உள்ளன. அவற்றின் வழியே சோடியம் உட்பாயும்போதுதான் அத்துடிப்பு முன்னேறும். மரப்பு மருந்து அவ்வாயில்களை அடைத்து நிற்கிறது. செய்தி மூளைக்குப் போய்ச் சேராததால் வலி தோன்றுவதில்லை. நினைவு தெளிவாக இருக்கும், பேசலாம், கேட்கலாம். பின்னர் இரத்தம் மருந்தைச் சிறிது சிறிதாக எடுத்துச் செல்ல, ஈரல் அதனைச் சிதைத்துவிடும். உணர்ச்சி மீண்டும் திரும்பும்.

மேல்தாடை எலும்பு மென்மையானது, நுண்துளைகள் உடையது. ஆதலால் பல்லின் அருகே ஈறில் போட்டாலே மருந்து ஊறி வேருக்குச் சென்றுவிடும். கீழ்த்தாடையின் கடைவாய்ப் பகுதி எலும்போ தடித்தது. அங்கே நரம்பு தாடைக்குள் நுழையும் இடத்தருகே, கடைவாய்க்கும் பின்புறமாக ஊசி போட வேண்டியிருக்கிறது. அதனால்தான் பாதி உதடும் பாதி நாக்கும் சேர்ந்து மரத்துப்போகின்றன. இதனைக் கண்டு முகவாதம் வந்துவிட்டதென்று அலறுவோர் உண்டு. மிக அரிதாக, மருந்து முகத்தசைகளை இயக்கும் நரம்பிலும் பரவி, அந்தப் பக்கத்துக் கண்ணை மூட இயலாமற் போவதுண்டு. சில மணி நேரத்தில் மருந்து தணிந்ததும் அது தானே சரியாகும். அதுவரை அக்கண்ணில் தூசி படாமல் மூடிப் பாதுகாத்தால் போதும். கண்பார்வையைப் பற்றிய அச்சத்திற்கோ அடிப்படையே இல்லை. பல்லுக்குச் செல்லும் நரம்பு வேறு. பார்வை நரம்பு வேறு.

ஊசி போட்டபின் மருத்துவர் சில நிமிடங்கள் காத்திருப்பார். அந்நேரத்தில் அவரை அவசரப்படுத்தலாகாது. மரத்துப்போன பின்னும் அழுத்துவதும் அசைப்பதும் தெரியும். எலும்பில் எழும் ஓசையும் கேட்கும். அவை வலி அல்ல. குத்துவது போன்ற வலி தோன்றினால் பொறுத்துக்கொண்டு உட்காராமல் இடக்கையை உயர்த்துங்கள். மருத்துவர் நிறுத்திவிட்டு மேலும் சிறிது மருந்து செலுத்துவார்.

பல் சீழ் பிடித்து வீங்கியபின் ஊசி சரியாகப் பிடிக்காமற் போவதுண்டு. அழற்சி கண்ட இடத்தில் அமிலத்தன்மை மிகுவதால், மருந்தின் பெரும்பகுதி நரம்புச் சுவரை ஊடுருவ இயலாத வடிவில் நின்றுவிடுகிறது. பல மாதங்கள் தள்ளிப்போட்டு, முகம் வீங்கியபின் சென்று, "எனக்கு மட்டும் ஊசி பிடிக்கவில்லை" என்று கூறுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும். ஊசிக்கு அஞ்சித் தாமதித்ததே அந்த ஊசியை வலுவிழக்கச் செய்கிறது.

மருந்தோடு சேர்ந்துள்ள மற்றொன்று

பல் மருத்துவத்தில் பயன்படும் லிக்னோகெயினில் பெரும்பாலும் அட்ரினலின் மிகச்சிறிய அளவில் கலந்திருக்கும். நம் நாட்டில் பரவலாக உள்ளது 80,000 பங்கிற்கு ஒரு பங்கு என்ற கலவையாகும். அட்ரினலின் அவ்விடத்து இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அதனால் மருந்து விரைவில் கரைந்து போகாமல் நெடுநேரம் நிற்கிறது, இரத்தப்போக்கும் குறைகிறது, மருந்து ஒரேயடியாக உடலுக்குள் பரவி நஞ்சாவதும் தடுக்கப்படுகிறது.

ஆனால் அதே அட்ரினலின் தவறி இரத்தக் குழாய்க்குள் புகுந்தால் இதயம் படபடக்கும். இதைத் தடுக்கவே மருத்துவர் மருந்தைச் செலுத்துமுன் ஊசியின் தண்டைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, இரத்தம் வருகிறதா என்று பார்ப்பார். வந்தால் ஊசியின் இடத்தை மாற்றுவார். பின்னர் மெல்ல மெல்லச் செலுத்துவார். மெதுவாகப் போடுவது வலியையும் குறைக்கும், ஆபத்தையும் குறைக்கும். "சட்டென்று குத்தி எடுத்துவிடுங்கள் டாக்டர்" என்று நாம் கெஞ்சுவது நமக்கே தீங்கு.

அப்படியானால் இதயநோய் உள்ளவர்க்கு அட்ரினலின் அறவே கூடாதா? அப்படியன்று. மரப்பு போதாமல் வலி எழுந்தால், அந்த வலியும் அச்சமுமே உடலிலிருந்து அட்ரினலினைப் பெருமளவில் சுரக்கச் செய்துவிடும். ஆகவே பலருக்குக் குறைந்த அளவில், கவனமாகப் போடுவதே நலம். சிலருக்கு அட்ரினலின் கலவாத மருந்து ஏற்றது. வேறு சிலருக்குச் சிகிச்சையையே சில வாரங்கள் தள்ளிவைக்க வேண்டியிருக்கும். இம்முடிவை எடுக்க வேண்டியவர் மருத்துவர். ஆனால் முடிவெடுக்க வேண்டிய செய்தி நம்மிடத்தில் இருக்கிறது. அதை நாம் சொல்லாவிட்டால் அவருக்கு எவ்வாறு தெரியும்?

மறைப்பதால் வரும் கேடு

நான் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில் முதியவர் ஒருவர் இருந்தார். மாரடைப்பு வந்து மீண்டவர். நாள்தோறும் நான்கு மாத்திரைகள் உட்கொள்பவர். பல்வலி தாளாமல் பக்கத்து நகரத்திற்குச் சென்றார். இதயநோய் உண்டென்று சொன்னால் பல்லைப் பிடுங்காமல் திருப்பியனுப்பிவிடுவார்கள், மீண்டும் பேருந்து ஏறி வரவேண்டும் என்றெண்ணி, நோய் ஏதும் இல்லையென்று கூறிவிட்டார். நல்லவேளையாக, அம்மருத்துவர் பழக்கமாக இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்தார். அது எல்லை மீறியிருந்தது. துருவிக் கேட்டபின் சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. மருத்துவர் கடிந்துகொள்ளவில்லை. வலிக்கு மருந்து கொடுத்து, இதய மருத்துவரிடம் ஒரு குறிப்புப் பெற்றுவரச் சொன்னார். பத்து நாட்கள் கழித்துப் பல் பிடுங்கப்பட்டது. முதியவர் நலமாக வீடு திரும்பினார். மருத்துவர் அன்று அளந்து பாராதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை அவர் பிள்ளைகள் பின்னர் எண்ணி எண்ணி அஞ்சினர்.

இவரைப் போன்றோர் பலர். வாயை அகலத் திறக்குமுன், நோயைப் பற்றி வாய்திறந்து சொல்லிவிட வேண்டும். எவற்றைச் சொல்ல வேண்டும்?

இதயநோய், அண்மையில் வந்த மாரடைப்பு, பக்கவாதம், உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றை முதலிற் சொல்லுங்கள். நீரிழிவு, தைராய்டு, ஆஸ்துமா, வலிப்பு, ஈரல் நோய் ஆகியவற்றையும் சொல்லுங்கள். லிக்னோகெயினைச் சிதைப்பது ஈரலே ஆதலின், ஈரல் நலிந்தவர்க்கு மருந்தின் அளவைக் குறைக்க வேண்டும்.

உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தின் அட்டைகளையும் ஒரு பையிலிட்டு எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் உறையாதிருக்கத் தரப்படும் ஆஸ்பிரின், குளோப்பிடோகிரல், வார்ஃபரின் போன்றவற்றை உண்போர் அவற்றைத் தாமாக நிறுத்திவிட்டுச் செல்லலாகாது; உண்பதை மறைக்கவும் ஆகாது. இரத்த அழுத்தத்திற்கும், ஒற்றைத் தலைவலிக்கும், கை நடுக்கத்திற்கும் தரப்படும் புரோப்ரனலால் என்னும் மாத்திரை அட்ரினலினோடு சேர்ந்தால் சிலருக்கு இரத்த அழுத்தம் திடீரென உயரக்கூடும். அமிட்ரிப்டிலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளும் அட்ரினலினின் வேகத்தைக் கூட்டக்கூடும். மனநோய்க்கு மருந்துண்பதை வெளியிற் சொல்ல நம் குடும்பங்கள் கூசுகின்றன. மகளுக்கு வரன் பார்க்கும் வேளையில் யாருக்கேனும் தெரிந்துவிடுமோ என்று தாயார் தடுப்பதும் உண்டு. மருத்துவரிடம் தனியே சொல்லுங்கள். அவர் அதை வெளியே சொல்லமாட்டார். கூச்சத்திற்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டா.

கருவுற்றிருக்கும் பெண்கள், திருமணமாகி இரண்டே மாதமாயினும், மாதவிலக்குத் தள்ளிப்போயிருப்பதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். கருவுற்றோர்க்கும் பாலூட்டும் தாய்மார்க்கும் லிக்னோகெயினைத் தக்க அளவில் பயன்படுத்தலாம். அவசரமில்லாத சிகிச்சைக்கு நான்கு முதல் ஆறு மாதம் வரையிலான காலம் வசதியானது. கடும் தொற்று ஏற்பட்டால் எம்மாதமாயினும் காத்திருக்கலாகாது. சீழ் பிடித்த பல்லோடு வலியில் துடிப்பது தாய்க்கும் சேய்க்கும் நல்லதன்று.

தைரியத்திற்காக ஒரு மிடறு அருந்திவிட்டுச் செல்லும் ஆடவர்க்கும் ஒரு சொல். மது அச்சத்தைப் போக்குவதுபோல் காட்டும். உண்மையில் மருத்துவரின் கணக்கையெல்லாம் குலைத்துவிடும்.

ஒவ்வாமையா, மயக்கமா?

"எனக்கு அந்த ஊசி ஒத்துக்கொள்ளாது" என்று சிலர் உறுதியாகச் சொல்வார்கள். என்ன நடந்தது என்று கேட்டால், கண் இருண்டு, வியர்த்து, மயங்கி விழுந்ததாகக் கூறுவார்கள். இது பெரும்பாலும் ஒவ்வாமையன்று. அச்சத்தாலும் வெறும்வயிற்றாலும் மூளைக்குச் செல்லும் இரத்தம் சற்றே குறைவதால் வரும் மயக்கம் இது. பல் மருத்துவமனைகளில் மிகுதியாக நேர்வதும் இதுவே. நாற்காலியைச் சாய்த்துப் படுக்கவைத்து, கால்களைச் சற்று உயர்த்தினால் சில நிமிடங்களில் தெளிந்துவிடும். இதைத் தவிர்க்க, மருத்துவர் வேறுவிதமாகச் சொன்னாலன்றி, உணவருந்திவிட்டுச் செல்லுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினியாய்ச் செல்வது பேராபத்து.

ஊசி போட்டவுடன் ஓரிரு நிமிடம் நெஞ்சு படபடத்தால் அதுவும் அட்ரினலினின் விளைவே, தணிந்துவிடும். உண்மையான ஒவ்வாமையில் உடலெங்கும் தடிப்பும் அரிப்பும் தோன்றும், உதடும் முகமும் வீங்கும், மூச்சு இழுக்கும். லிக்னோகெயினுக்கு இத்தகைய ஒவ்வாமை மிக மிக அரிது. சில வேளைகளில் மருந்து கெடாதிருக்கச் சேர்க்கப்படும் பொருள்கள் அதற்குக் காரணமாகலாம். முன்பு உங்களுக்கு நேர்ந்தது எது என்பதை நிகழ்ந்தபடியே மருத்துவரிடம் விவரியுங்கள். "ஒவ்வாமை" என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் சொன்னால், நல்ல மருந்தொன்று வாழ்நாள் முழுதும் உங்களுக்கு மறுக்கப்படலாம்.

குழந்தைகளுக்குத் தனிக் கவனம்

மருந்தின் அளவு உடலின் எடையைப் பொறுத்தது. 2 விழுக்காடு லிக்னோகெயினில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. குழந்தைகளுக்கு ஒரு கிலோ எடைக்கு 4.4 மில்லிகிராமுக்கு மேற்போகலாகாது என்பது குழந்தைப் பல் மருத்துவத்தில் பின்பற்றப்படும் வரம்பு. 15 கிலோ எடையுள்ள குழந்தைக்கு இது 66 மில்லிகிராம், அதாவது 3.3 மில்லிலிட்டர். 60 கிலோ எடையுள்ள தந்தைக்குத் தாங்கும் அளவில் நான்கில் ஒரு பங்குதான். ஆகவே "இரண்டு பக்கத்துப் பல்லையும் இன்றைக்கே முடித்துவிடுங்கள், மீண்டும் அலைய முடியாது" என்று பெற்றோர் மருத்துவரை வற்புறுத்தலாகாது. அவர் இரண்டு மூன்று முறை வரச்சொல்வது பணத்திற்காக என்று ஐயுறவும் வேண்டா. குழந்தையின் எடையைத் தெரிந்துகொண்டு செல்லுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

அளவு மிஞ்சினால் காதில் இரைச்சல், தலைச்சுற்றல், பேச்சுக் குழறல், தசைத் துடிப்பு ஆகியவை தோன்றும். முற்றினால் வலிப்பு வரும். சிறு குழந்தைக்கு இவற்றைச் சொல்லத் தெரியாது. வழக்கத்திற்கு மாறாகக் குழந்தை துவண்டாலோ பிதற்றினாலோ அக்கணமே மருத்துவரிடம் கூறுங்கள்.

வீடு திரும்பியபின் மற்றொரு தொல்லை உண்டு. பல்லின் மரப்பு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் தணிந்தாலும், உதடும் கன்னமும் மூன்று முதல் ஐந்து மணி நேரம் மரத்தே இருக்கும். புதுமையாகத் தோன்றும் அந்த உதட்டைக் குழந்தை கடித்துக்கொண்டே இருக்கும். வலி தெரியாததால் புண்ணாகும்வரை கடிக்கும். மறுநாள் உதடு வீங்கி வெள்ளைப்புண் தோன்றியதும், ஊசியால் சீழ் பிடித்துவிட்டதென்று பெற்றோர் பதறுவர். அது கடித்த காயமே. ஓரிரு வாரத்தில் ஆறிவிடும். வராமற் காப்பதோ எளிது. உணர்ச்சி திரும்பும்வரை மெல்லும் உணவு தராமல், குழந்தையைக் கண்காணித்தால் போதும். பெரியவர்களும் அதுவரை சூடான காப்பியைத் தவிர்ப்பது நலம். நாக்கு வெந்தாலும் தெரியாது.

பல் முளைக்கும் பச்சிளங் குழந்தையின் ஈறில் மரப்புக் களிம்பைத் தடவும் வழக்கமும் சில இல்லங்களில் உண்டு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2014இல் லிக்னோகெயின் கூழைப் பற்றியும், 2018இல் பென்சோகெயின் கலந்த களிம்புகளைப் பற்றியும், பல் முளைக்கும் குழந்தைகளுக்கு இவை கூடாதென எச்சரித்துள்ளது. முன்னது விழுங்கப்பட்டு மூளையையும் இதயத்தையும் தாக்கக்கூடும். பின்னது இரத்தத்தின் உயிர்வளி சுமக்கும் ஆற்றலைக் குறைக்கக்கூடும். சுத்தமான விரலால் ஈறை மெல்லத் தேய்த்துவிடுவதே பாட்டிமார் அறிந்த நல்ல வழி.

தூய்மையைக் கேட்டறிவது நம் உரிமை

2023ஆம் ஆண்டில் திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில், ஒரு பல் மருத்துவ நிலையத்திற்குச் சென்று வந்தவர்களுள் எண்மர், மூளையைத் தாக்கிய ஒரு தொற்றுநோயால் மாண்டனர். மண்ணிலும் நீரிலும் வாழும் கிருமியால் வரும் மெலியாய்டோசிஸ் என்னும் நோய் அது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் பிற ஆய்வாளர்களும் நோயின் தடத்தைப் பின்தொடர்ந்து, 2025இல் வெளியான கட்டுரையில் காரணத்தை விளக்கினர். கழுவப் பயன்படுத்திய உப்புநீர்ப் புட்டியைத் தூய்மையற்ற கருவியால் திறந்து, சரியாக மூடாமல், மீண்டும் மீண்டும் பயன்படுத்தியதே அது. மரப்பு ஊசியால் வந்த சாவுகள் அல்ல இவை. ஆயினும் ஒரு புட்டி, பலருக்கு என்னும்போது எத்தகைய கவனம் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி நெஞ்சில் அறைந்து சொல்கிறது.

லிக்னோகெயினும் பல இடங்களில் பலருக்குப் பயன்படும் 30 மில்லிலிட்டர் புட்டிகளிலேயே வருகிறது. அதில் ஒவ்வொரு முறையும் புதிய ஊசியும் புதிய குழலுமே நுழைய வேண்டும். ஒருவர் வாயில் போட்ட ஊசி மீண்டும் அப்புட்டிக்குள் நுழைந்தால், மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைட்டிஸ் கிருமியும் எய்ட்ஸ் கிருமியும் அடுத்தவருக்குச் செல்ல வழி திறந்துவிடும். ஒருவருக்கே உரிய சிறு கண்ணாடிக் குப்பிகளும் உண்டு. அவற்றில் மருந்து மீதமிருந்தாலும் மற்றவருக்குப் போடலாகாது.

ஆகவே, ஊசியை உறையிலிருந்து என் கண்முன் பிரியுங்கள் என்று பணிவோடு கேட்பதில் தவறேதும் இல்லை. நல்ல மருத்துவர் அதற்காக வருந்தமாட்டார், மகிழ்வார். திருவிழாச் சந்தையிலும் சாலையோரத்திலும் பல் கட்டுவோரிடம், செலவு குறைவென்று சென்று ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். பல் மருத்துவப் பட்டம் பெற்றுப் பதிவு செய்தவர் யார் என்பதை அறிந்து செல்லுங்கள். அரசு மருத்துவமனைகளிலும் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் குறைந்த செலவில், சில இடங்களில் செலவின்றியே, முறையான சிகிச்சை கிடைக்கிறது.

செய்ய வேண்டியது

இவ்விதழைப் படித்து முடித்ததும் ஒரு சிறு வேலை செய்யுங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு தாளை எடுத்து, அவருக்குள்ள நோய்கள், உண்ணும் மாத்திரைகளின் பெயரும் அளவும், முன்பு எந்த மருந்தால் என்ன தொல்லை வந்தது என்பது, குழந்தையாயின் அதன் எடை ஆகியவற்றை எழுதுங்கள். தாத்தாவுக்கும் பாட்டிக்கும் படித்த பேரப்பிள்ளைகள் எழுதித் தரலாம். அத்தாளைக் குடும்ப அட்டையோடு சேர்த்து வையுங்கள். பல் மருத்துவரிடம் மட்டுமன்றி, எம்மருத்துவரிடம் சென்றாலும் அது உடன் செல்லட்டும்.

மருத்துவரின் கைத்திறன் பாதிக் காவல். நாம் மறைக்காமல் சொல்லும் உண்மை மறுபாதிக் காவல். இவ்விரண்டும் சேர்ந்தால் அந்த ஊசி எறும்புக்கடிபோல் வந்து போகும். இன்றிரவு உங்கள் வீட்டில் எவரேனும் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், நாளைக் காலையிலேயே, சிற்றுண்டி கொடுத்து, மாத்திரைப் பையோடு அழைத்துச் செல்லுங்கள்.